பொறுப்பற்றவன் என்று பெயர் சூட்டுமுன்...

 

விருத்தாசலம் என்றவுடன் வெளியூர் அன்பர்களின் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, ரயில் சந்திப்பு. மற்றொன்று, பீங்கான். நெய்வேலிச் சுரங்கப் பகுதியிற் கிடைக்கும் களிமண்ணின் துணைகொண்டு வளர்ந்த தொழில் அது. இங்குள்ள சிறு கூடங்களில் பொம்மைகளும் விளக்குகளும் மின்சாதனங்களுக்கான பீங்கான் உறுப்புகளும் உருவாகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசினர் பயிலகமும் இவ்வூரில் உண்டு.

பொம்மை வார்க்கும் முறையை நேரில் கண்டோர் அறிவர். களிமண்ணை நீரிற் கரைத்துக் குழம்பாக்கி, பிளாஸ்டர் அச்சினுள் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்புறத்தில் களிமண் படிந்து சுவர்போல் தடிக்கும். வேண்டிய கனம் ஏறியதும் எஞ்சிய குழம்பைக் கவிழ்த்து ஊற்றிவிட வேண்டும். உரிய நேரத்தில் கவிழ்க்க மறந்தால், உட்குழிவாக இருக்க வேண்டிய பொம்மை கெட்டிக் கட்டியாகிவிடும். காயும்போதே வெடிக்கும். தப்பிச் சூளைக்குள் சென்றாலோ, அங்கே சிதறி அருகிலுள்ள நல்ல சரக்கையும் கெடுக்கும்.

நான் இங்கே கூறப்போகும் சகோதரர், ஆண்டுக்கணக்கில் கவிழ்க்க மறந்தவர். வயது முப்பத்தைந்து. சிறு கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார். தூரிகையைக் கையில் எடுத்தால் மயிலின் கழுத்தில் அவர் இழைக்கும் நீலத்தைக் காண வெளியூர் வியாபாரிகளும் நின்று பார்ப்பார்கள். ஒரே இருக்கையில் ஐந்து மணி நேரம் வண்ணம் தீட்டுவார். பசியும் தெரியாது, தாகமும் தெரியாது. ஆனால் அதே மனிதருக்கு மின்கட்டணம் கட்ட நினைவிராது. பணம் சட்டைப்பையில் இருக்கும், கட்டுவதற்கென்றே புறப்பட்டுமிருப்பார், வழியில் ஒருவர் பழுதான வண்டியோடு நிற்பதைக் கண்டு அதைச் சரிசெய்ய அமர்ந்துவிடுவார். மாலையில் வீடு திரும்பினால் வீட்டில் விளக்கு எரியாது.

குடிப்பழக்கம் இல்லை. சூதாட்டம் இல்லை. மனைவியிடம் கடுஞ்சொல் கூறியவருமல்லர். ஆயினும் அந்த இல்லறம் முறியும் நிலைக்கு வந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து மகளை அழைத்து வரும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு சென்றவர் மறந்துவிட்டார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பிஞ்சு, மஃரிப் பாங்கு ஒலிக்கும் வரை பள்ளியின் வாசலில் காவலாளியோடு அமர்ந்திருந்தது. அன்றிரவே அந்தச் சகோதரி குழந்தையுடன் தாய்வீடு சென்றார். ஒரு வாரத்திற்குப்பின் இரு குடும்பத்தாரும் ஜமாஅத்தில் பிரச்சினையை வைத்தனர். மார்க்கம் தெரிந்தவர் என்ற முறையில் என்னையும் அழைத்தனர்.

"ஹஜ்ரத், அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் பிள்ளையை அவரிடம் நம்பி ஒப்படைக்க எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார் அச்சகோதரி. அவருடைய தகப்பனாரோ, "பொறுப்பற்றவன்" என்ற ஒரே சொல்லைப் பத்து முறை கூறினார்.

அச்சொல் என் செவியில் விழுந்தபோது எனக்கு உள்ளூரச் சுட்டது. ஏனெனில், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அவருக்கு முதன்முதலாக அப்பெயரைச் சூட்டியவன் நான்தான்.

அப்போது நான் கலைப் பட்டம் பெற்று, மத்ரஸாவில் ஆசிரியனாகச் சேர்ந்திருந்த புதிது. அவன் பத்து வயதுச் சிறுவன். நீண்டதொரு சூராவை மூன்றே நாட்களில் மனனம் செய்து என்னை வியக்க வைத்தவன், ஓதும் கிதாபை மட்டும் நாள்தோறும் வீட்டில் மறந்துவிட்டு வருவான். ஓதிக்கொண்டிருக்கும்போதே கண் கூரையில் ஓடும் அணிலைத் தொடரும். திறமை இருந்தும் திமிரினால் இவ்வாறு செய்கிறான் என்று தீர்மானித்தேன். பிரம்பும் எடுத்தேன். மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் அவனை நிற்க வைத்துப் "பொறுப்பற்றவன்" என்றேன். அறிவில்லாதவனை மன்னிக்கலாம், அறிவிருந்தும் அலட்சியம் செய்பவனை மன்னிக்கலாகாது என்பது அன்று என் கொள்கை. வாசகர்களில் ஆசிரியர்கள் இருப்பின், என் நிலையில் தாங்கள் வேறு என்ன செய்திருப்பீர்கள் என்று சற்றே எண்ணிப் பாருங்கள்.

மகளால் தெரிந்த உண்மை

அந்தப் பஞ்சாயத்து முடிவெடுக்காமல் ஒத்திவைக்கப்பட்டது. அதற்கிடையே மகளின் வகுப்பாசிரியை, பிள்ளைக்குக் கவனம் நிலைக்கவில்லை, மருத்துவரிடம் காட்டுங்கள் என்று எழுதியனுப்பினார். தாயும் தந்தையும் ஒன்றாகப் பிள்ளையை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையொன்றின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றனர். அங்கே தந்தையார், கையில் வாங்கிய சீட்டை எங்கோ வைத்துவிட்டு மூன்று முறை தேடினார். பிள்ளையைப் பரிசோதித்த மருத்துவர் தாயைப் பார்த்து, "இவள் யாரைப்போல?" என்று வினவினாராம். தாய் பதில் கூறவில்லை. சீட்டைத் தேடிக்கொண்டிருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கச் சென்ற இடத்தில் பெற்றோரின் குறை வெளிப்படுவது இந்நோயில் வழக்கமாக நிகழ்வதே. ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் குறிப்பிடும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, குருதி வழி வருவது. இரட்டையர்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகள், இக்கோளாற்றில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் 70 முதல் 80 விழுக்காடு வரை மரபுவழிப்பட்டதென்று கணிக்கின்றன. உயரம் எவ்வளவு மரபுவழிப்பட்டதோ, ஏறக்குறைய அவ்வளவு. நெட்டையாகப் பிறந்தவனை அதற்காக யாரேனும் பிரம்பால் அடிப்பரோ?

இந்நோய் கைப்பேசிக் காலத்தின் புதுக் கற்பனை என்று எண்ணுவோரும் உளர். அலெக்ஸாண்டர் கிரைட்டன் என்னும் மருத்துவர் 1798ஆம் ஆண்டிலேயே, ஒரு பொருளில் கவனம் நிலைக்காத மனநிலையைத் தமது நூலில் விவரித்துள்ளார். 1902இல் இலண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் தமது சொற்பொழிவுகளில் இத்தகைய சிறுவர்களைப் பற்றிப் பேசினார். அறிவுக்குறைவு இல்லாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத பிள்ளைகள் என்று சரியாகவே கண்டார். ஆனால் அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு என்று பெயரிட்டார். மருத்துவ மேதையே அவ்வாறு கருதினாரெனில், மத்ரஸா ஆசிரியனான நான் கருதியதில் வியப்பில்லை என்று என்னை நானே தேற்றிக்கொள்வதுண்டு. அது முழுமையான தேறுதல் அன்று.

1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 'கவனக்குறைவுக் கோளாறு' என்ற பெயர் இடம்பெற்றது. 1987இல் மிகையியக்கம் என்பதும் பெயரோடு இணைக்கப்பட்டது. நெடுங்காலம் இது பிள்ளைப்பருவத்துக் குறை, மீசை முளைத்தால் மறைந்துவிடும் என்றே நம்பினர். பலருக்கு மறைவதில்லை, உருமாறுகிறது. ஓடித் திரிந்த சிறுவனின் கால்கள் அமைதியடைகின்றன. அவன் உள்ளம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2013இல் வெளியான அக்கையேட்டின் ஐந்தாம் பதிப்பு பெரியவர்களுக்கெனத் தனி அளவுகோலைத் தந்தது: பதினேழு வயதும் அதற்கு மேலும் உள்ளோர்க்கு ஐந்து அறிகுறிகள் போதும், ஆனால் அவற்றிற் சில பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். 2021இல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வொன்று, சிறுவயது முதல் தொடரும் இக்கோளாறு பெரியவர்களுள் 100க்கு ஏறத்தாழ 2.6 பேருக்கு இருப்பதாக மதிப்பிட்டது. நமது ஜும்ஆவில் நானூறு பேர் அமர்ந்திருந்தால், அவர்களிற் பத்துப் பேர்!

பன்னிரண்டு வயது என்னும் அந்த நிபந்தனையை அருள்கூர்ந்து மறவாதீர்கள். நாற்பது வயது வரை ஒழுங்காக இருந்தவருக்குத் திடீரென மறதி வந்தால் அது இந்நோய் அன்று. தைராய்டு குறை, உறக்கமின்மை, குறட்டையால் இரவில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு, தீராக் கவலை ஆகியவையும் கவனத்தைத் தின்றுவிடும். ஆகவேதான் மருத்துவர், பழைய மதிப்பெண் பட்டியலைக் கேட்டார். உயிரோடிருக்கும் தாயாரைக் கேட்டார். அந்தச் சகோதரர் என்னிடமும் வந்தார். "ஹஜ்ரத், நான் சின்ன வயதில் எப்படி இருந்தேன் என்று டாக்டர் எழுதி வாங்கி வரச் சொன்னார்" என்று தாளை நீட்டினார். பிரம்பெடுத்த கையால் அதை எழுதிக் கொடுத்தேன்.

போதனை அன்று, பயிற்சி

மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு, மருத்துவ உளவியலாளர் ஒருவரிடமும் அனுப்பினார். அங்கே நடந்ததுதான் இக்கட்டுரையின் உயிர். அச்சகோதரரின் இசைவோடு அதனை விரித்துக் கூறுகிறேன்.

'நடத்தைச் சிகிச்சை' என்றதும் யாரோ ஒருவர் அமர வைத்து நல்லொழுக்கம் போதிப்பார் என்று அவர் எதிர்பார்த்தாராம். அதில் அவருக்கு முப்பது ஆண்டு அனுபவம் உண்டே! ஆனால் உளவியலாளர் ஒரு புத்திமதியும் கூறவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது இவருக்குத் தெரியும். தெரிந்ததை உரிய நொடியிற் செய்யவிடாமல் தடுப்பதே இந்நோய். ஆகவே நினைவூட்டல், வேலை நடக்கும் இடத்திலேயே, வேலை நடக்கும் நேரத்திலேயே கண்முன் நிற்க வேண்டும். மனத்துக்குள் வைத்தால் பயனில்லை. அமெரிக்க உளவியலறிஞர் ரஸ்ஸல் பார்க்லி பல்லாண்டுகளாக வலியுறுத்திவரும் கருத்து இதுவே.

முதல் அமர்வில் ஒரே ஒரு குறிப்பேடும் ஒரே ஒரு நாட்காட்டியும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். 'ஒன்று' என்பதில்தான் சூட்சுமம். அதுவரை இவர் கடன் விவரத்தைச் சிகரெட் அட்டையிலும், வாடிக்கையாளரின் எண்ணை அச்சின் முதுகிலும் எழுதி வைத்தவர். (புகைப்பவரல்லர், பக்கத்துக் கடைக்காரர் கொடுத்த அட்டை.) பத்து இடத்தில் எழுதுவது எழுதாமைக்குச் சமம். சரி, குறிப்பேட்டைப் பார்க்கவே மறந்துவிட்டால்? நியாயமான கேள்வி. உளவியலாளர் முஸ்லிமல்லாத பெண்மணி. அவர், "ஒரு நாளில் நீங்கள் ஒருபோதும் மறக்காத செயல் எது?" என்று கேட்டிருக்கிறார். இவர் யோசித்துவிட்டு, "பாங்கு சத்தம் கேட்டால் கால் தானாகப் பள்ளிக்குப் போய்விடும்" என்றார். "அப்படியானால் அதன் வாலில் இதைக் கட்டுங்கள்" என்றாராம் அந்த அம்மையார். பஜ்ரு தொழுது வந்ததும் அன்றைய பக்கத்தைத் திறப்பது, அஸருக்குப்பின் மறுபடி பார்ப்பது, இஷாவுக்குப்பின் நாளைய பக்கத்தை எழுதுவது என்று ஏற்பாடாயிற்று. பழைய பழக்கத்தின்மீது புதுப் பழக்கத்தை ஒட்டவைக்கும் உத்தி இது. நாள் ஐந்தாக வகுக்கப்பட்டிருப்பது இத்தகையோர்க்கு எவ்வளவு பெரிய ஊன்றுகோல் என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

அடுத்தது காலம். நமக்கெல்லாம் இருபது நிமிடம் கடந்ததென்று உள்ளிருந்து ஒரு குரல் சொல்லும். இவருக்கு அக்குரல் இல்லை. அவருடைய கணக்கில் 'இப்போது' என்றொரு நேரமும் 'இப்போதல்ல' என்றொரு நேரமும் மட்டுமே உண்டு. கைப்பேசியில் மணி வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். சிரித்தார். மணியை நிறுத்தக் கைப்பேசியை எடுத்தால், நாற்பது நிமிடம் அதிலேயே போய்விடுகிறதாம். ஆகவே சமையலறையில் பயன்படுத்தும் முறுக்கு மணி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்தார்கள். குழம்பை ஊற்றியவுடன் அதை முறுக்க வேண்டும். ஊற்றிய நேரத்தை அச்சின் மேலேயே பென்சிலால் எழுத வேண்டும். கெட்டிக் கட்டியாகிப் போகும் பொம்மைகள் முதல் மாதத்திலேயே பெருமளவு குறைந்தன.

மூன்றாவதாகக் கவனத்தை அளந்தார்கள். துணியை முழம் போடுவதுபோல் கவனத்தையும் அளக்கலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. பிடிக்காத வேலையை எடுத்துக்கொண்டு அமர்ந்து, மனம் முதன்முறை ஓடும்வரை எத்தனை நிமிடம் என்று பார்ப்பது. இவருக்கு ஜி.எஸ்.டி. கணக்கெழுதுகையில் பன்னிரண்டு நிமிடம் வந்தது. அதை நீட்டிக்க முயலவில்லை. வேலையைத்தான் பன்னிரண்டு நிமிடத் துண்டுகளாக வெட்டினார்கள். அந்நேரத்திற்குள் வேறு எண்ணம் குறுக்கிட்டால், உடனே எழுந்து ஓடாமல் பக்கத்தில் ஒரு தாளில் அதை எழுதிவைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். மணி அடித்தபின் அந்தத் தாளைப் பார்த்தால், அவசரமெனத் தோன்றியவற்றிற் பாதி அவசரமேயில்லை என்று தெரியும்.

பெருவேலைகளைக் கண்டு மலைத்துத் தள்ளிப்போடுவது இந்நோயாளர் அனைவரும் அறிந்த துன்பம். 'மூன்று மாதக் கணக்கை முடிக்க வேண்டும்' என்று எழுதினால் அது மலை. 'ரசீதுகளை மேசைமேற் கொட்ட வேண்டும்' என்று எழுதினால் அது ஒரு கைவேலை. தொடங்க மனம் வரவில்லையெனில், முதற்படி இன்னும் பெரிதாக இருக்கிறதென்று பொருள். மேலும் உடைக்க வேண்டும். கொட்டி முடித்தால்தான் தேநீர். முப்பத்தைந்து வயதுக்காரருக்குத் தேநீரைப் பரிசாக வைப்பதா என்று அவருடைய மாமனார் ஏளனம் செய்தார். நாளை கிடைக்கும் பெரிய நன்மையைவிட இப்போது கிடைக்கும் சிறு நன்மையே இவர்களுடைய மூளையை அசைக்கிறது. இருப்பதை வைத்துத்தானே வண்டியை ஓட்ட வேண்டும்?

எண்ணங்களைத் திருத்துதல்

இவ்வளவும் நடத்தை. இதோடு எண்ணத்தையும் சேர்த்துச் சீர்செய்வதால் 'அறிதிறன் நடத்தைச் சிகிச்சை' என்பர். முப்பது ஆண்டு ஏச்சு வாங்கியவரின் உள்ளத்தில் அந்த ஏச்சே குடியேறிவிடுகிறது. ஒரு பொம்மை உடைந்தால், "நான் தொட்டது எதுதான் உருப்பட்டது" என்று தோன்றும். அன்றைய பொழுது முழுதும் வீணாகும். அவ்வெண்ணத்தை எழுதி, எதிரே அதற்கான சான்றையும் எதிர்ச்சான்றையும் எழுத வைத்தார்கள். இவருக்கு மற்றொரு தீய எண்ணமும் உண்டு. அது இனிப்பாக வரும். "ஐந்து நிமிட வேலைதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்." மனச்சோர்வு தருவதைப் போலவே மிகையான நம்பிக்கையும் ஏமாற்றும் என்பதை அவர் தம் குறிப்பேட்டிலிருந்தே கண்டுபிடித்தார். மகளை அழைக்கச் சென்ற அன்றும், ஐந்து நிமிடம் என்றுதான் சூளையருகே நின்றிருக்கிறார்.

எண்ணத்தால் எண்ணத்துக்கு மருந்திடும் இம்முறையை இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் முதலியோர் வகுத்தனர். ஆனால் ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, பல்கு நாட்டைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ (இறப்பு 934) உடலுக்கும் உள்ளத்துக்குமான நலவழிகளை ஒரே நூலில் எழுதினார். அச்சம், சினம், துயரம், ஓயாது அரிக்கும் வஸ்வாஸ் எண்ணங்கள் ஆகியவற்றைப் பற்றிப் பேசும் அவர், அவசரத் தேவைக்கு வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல், உள்ளம் கலங்கும் வேளைக்கென நல்லெண்ணங்களை முன்கூட்டியே சேமித்து வைக்குமாறு கூறுகிறார். அந்நூலின் உள்ளம் பற்றிய பகுதியைச் சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரீ ஆங்கிலத்தில் 2013இல் வெளியிட்டார். கவனக்குறைவைப் பற்றி அல்பல்கீ எழுதினார் என்று நான் மிகைப்படுத்தமாட்டேன். உள்ளத்துக்கும் மருத்துவம் உண்டு என்பதை நம் முன்னோர் வெட்கமின்றி எழுதினர் என்பதே நான் சுட்ட விரும்புவது.

இங்கே ஒரு செய்தி. அச்சகோதரர் தொழுகையில் எத்தனை ரக்அத் என்பதை அடிக்கடி மறப்பவர். "என் தொழுகையே கூடாதோ ஹஜ்ரத்" என்று கண் கலங்கினார். மறதிக்கான ஸஜ்தாவை நம் ஃபிக்ஹு நூல்கள் தனிப் பாடமாகவே வைத்திருக்கின்றன. மறப்பவர்கள் இருப்பார்கள் என்று தெரிந்தே வைத்த ஏற்பாடு அது. நான் அதை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். இவருக்கு ஆறுதலாகச் சொல்ல அன்றுவரை தோன்றவில்லை.

இச்சிகிச்சைக்குச் சான்று உண்டா என்று கேட்பீர்கள். 2010இல் இரண்டு முக்கிய ஆய்வுகள் வெளியாயின. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஸ்டீவன் சாஃப்ரனும் அவருடைய குழுவினரும், மருந்துண்டும் முழுமையாகக் குணமடையாத 86 பெரியவர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு மேற்கூறிய பயிற்சி. மறு பிரிவினருக்கு உடல் தளர்த்தும் பயிற்சியும் நோய் பற்றிய விளக்கமும். பன்னிரண்டு அமர்வுகளுக்குப்பின் முதற்பிரிவினரின் முன்னேற்றம் தெளிவாக மிகுந்திருந்தது. நியூயார்க்கில் மேரி சொலாண்டோ 88 பேரைக் கொண்டு குழுவாக நடத்திய ஆய்வும் இதே திசையைக் காட்டியது. எல்லோரும் குணமடையவில்லை, மருந்தின் இடத்தை இது முற்றிலும் பிடித்துக்கொள்ளும் என்பதற்கும் இவை சான்றாகா. மாத்திரை கவனத்தைக் கூட்டும். குறிப்பேட்டை எழுதித் தராது என்று எளிமையாகப் புரிந்துகொள்ளலாம்.

மனைவியின் பங்கு

ஓர் அமர்வுக்கு மனைவியையும் அழைத்தனர். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எட்டு ஆண்டுகளாக அந்தச் சகோதரி கணவரின் நினைவாற்றலாகவே வாழ்ந்திருக்கிறார். நாளுக்கு இருபது முறை நினைவூட்டுவது, அது நச்சரிப்பாகக் கேட்பது, அவர் எரிந்து விழுவது, இவர் அழுவது. "நான் அவருக்கு மனைவியா, அம்மாவா?" என்று கேட்டாராம். உளவியலாளர் இருவருக்குமிடையே ஓர் ஒப்பந்தம் எழுத வைத்தார். சொல்ல வேண்டியதை மனைவி சமையலறைச் சுவரிலுள்ள வெள்ளைப் பலகையில் ஒரு முறை எழுதுவார். வாயால் திரும்பச் சொல்லமாட்டார். பார்த்துக் கையெழுத்திடுவது கணவரின் கடமை. மின்கட்டணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகச் செல்லும். மகளை அழைத்துவரும் பொறுப்பு மட்டும் அவரிடமிருந்து நீக்கப்பட்டு, ஆட்டோவுக்கு மாற்றப்பட்டது. பயிற்சியால் எல்லாவற்றையும் சாதித்துக் காட்ட வேண்டுமென்ற வீம்பு இதிற் கிடையாது. பிள்ளையின் பாதுகாப்பைச் சோதனைக்கு வைக்கலாகாது.

பெண்களைப் பற்றித் தனியே ஒரு சொல். இக்கோளாறு ஆண்களுக்கே உரியதென்று கருதாதீர்கள். பெண்பிள்ளைகளிடம் ஓட்டமும் துள்ளலும் குறைவாக, கவனச் சிதறல் மட்டும் மிகுதியாக இருப்பதுண்டு. அதனால் எவர் கண்ணிலும் படாமற் போகிறது. வகுப்பில் அமைதியாகக் கனவு கண்டவள், மணமாகி வந்தபின் பால் பொங்கி வழிவதையும், துவைத்த துணி நனைந்து கிடப்பதையும் கொண்டு 'வீடு வைக்கத் தெரியாதவள்' என்று பெயர் வாங்குகிறாள். ஆணின் மறதிக்கு வியாபார நெருக்கடி என்றொரு சாக்கு உண்டு. அவளுக்கு எந்தச் சாக்கும் கிடையாது. மாமியார் பெருமக்கள் இப்பத்தியை இரு முறை படிக்க வேண்டுகிறேன்.

இவருடைய உறவினருள்ளும் ஷைத்தானின் வேலை என்றவர்கள் இருந்தார்கள். தாயத்துக் கட்டியவர்களும் இருந்தார்கள். துஆச் செய்வதை நான் தடுப்பேனா? ஆனால் மருத்துவத்தை நாடாமல் துஆவை மட்டும் காட்டி மனநோயாளரைப் பூட்டி வைத்ததன் விளைவை 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் கண்டோம். சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் தீயினின்றும் தப்ப இயலாமல் 28 உயிர்கள் பறிபோயின. கவனக்குறைவு அத்தகைய கடும் மனநோய் அன்று. ஆயினும் மருத்துவரிடம் செல்ல வெட்கம், மந்திரிப்பவரிடம் செல்லத் துணிவு என்னும் மனப்பான்மை இரண்டுக்கும் பொதுவானது.

எங்கே செல்வது என்று கேட்கும் அன்பர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. எங்கள் பகுதியினருக்குச் சிதம்பரமும், புதுச்சேரி ஜிப்மரும் அணுகக்கூடியவை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கென வெளியிட்டுள்ள ஆறு வினாக்கள் கொண்ட சிறு பட்டியல், மருத்துவரிடம் செல்ல வேண்டுமா என்று அறிய உதவும். நோயை முடிவு செய்ய உதவாது. மீதைல்ஃபெனிடேட் முதலிய மருந்துகள் சட்டக் கட்டுப்பாட்டுக்குரியவை. மனநல மருத்துவரின் சீட்டின்றி ஒருவருக்கு எழுதியதை மற்றொருவர் உண்ணலாகாது. ரமலானில் உறக்க நேரம் மாறுவதால் தடுமாற்றம் மிகும். மாத்திரை வேளையை எப்படி மாற்றுவதென்று நோன்பு தொடங்குமுன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் சிற்றூர்களில் அரியர் என்பதை மறைப்பதற்கில்லை. எங்கள் சகோதரர் ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தேறிச் சென்றார். பிற்பாதி அமர்வுகள் காணொளி அழைப்பில் நடந்தன.

எல்லாம் நேர்கோட்டில் நடந்துவிடவில்லை. தீபாவளி, கார்த்திகைக்கான விளக்குகளுக்கு ஆர்டர்கள் குவிந்த காலத்தில் குறிப்பேட்டைக் கைவிட்டார். இரண்டு அமர்வுகளுக்குச் செல்லவே மறந்தார். இனி முகத்தில் விழிக்க முடியாதென்று எண்ணியிருந்தவரை உளவியலாளரே அழைத்து, "இரண்டாவது மாதத்திலேயே இதை எதிர்பார்த்தேன், நீங்கள் மூன்றாவது மாதம் வரை தாக்குப் பிடித்துவிட்டீர்கள். புதுக் குறிப்பேடு வாங்குங்கள்" என்றாராம்.

ஜமாஅத்தில் ஒத்திவைத்த அந்த விவகாரம் மறுபடி எடுக்கப்படவேயில்லை. சகோதரி திரும்பி வந்துவிட்டார். பழைய கடன் இன்னும் தீரவில்லை; மாமனார் இன்னும் பேசுவதில்லை. சென்ற மாதம் கூடத்துக்குச் சென்று, இக்கட்டுரையை எழுத அனுமதி கேட்டேன். "பெயர் மட்டும் போடாதீர்கள் ஹஜ்ரத்" என்று தொடங்கியவர், எனக்கும் தேநீர் வரவழைத்து, மயில் பொம்மைக்குப் புதிதாக வாங்கிய நீலத்தைப் பற்றி உற்சாகமாக விவரித்துக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே அலமாரியிலிருந்த முறுக்கு மணி கணகணவென்று அடித்தது. வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுந்து போய், வரிசையாக நின்ற பதினாறு அச்சுகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். திரும்பி வந்து அமர்ந்தபோது, எங்கே நிறுத்தினோம் என்பதை மறந்திருந்தார். நான் எடுத்துக் கொடுத்தேன்.